ஏழாவது பெயர்

அநியாயம் நடந்தது என் அக்கா மங்கையர்க்கரசிக்கு. செய்தவர் ரகுநந்தன் சார். இதோ எங்கள் ஸ்டூடியோவில், எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில், நான் போட்டுக் கொடுத்த டீயை ஊதிக் குடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். செய்தது இது: சென்னையில் அவர் நடத்தப்போகிற செராமிக் கண்காட்சிக்கு ஏழு கலைஞர்களின் வேலைகள் போகின்றன, இன்று காலை அவர் கொண்டுவந்து நீட்டிய அழைப்பிதழில் ஆறு பேருக்குப் பெயர் இருக்கிறது, ஏழாவது வரியில், அக்காவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ‘குயவர் குலப் பெண்கள், தென்னார்க்காடு’ என்று அச்சடித்திருக்கிறது. பெண்களாம். புதுச்சேரிக்கு வடக்கே இந்த முந்திரித் தோப்பு நடுவில், இந்தத் தகரக் கொட்டகைக்குள், மண் சலித்ததிலிருந்து கில்ன் என்கிற சூளைக்கு விறகு போட்டதுவரைக்கும் எல்லாம் செய்தவள் அக்கா ஒருத்தி. அது போதாதென்று, திறப்பு விழா அன்று கண்காட்சிக் கூடத்து முற்றத்தில் கண்டாங்கிச் சேலை கட்டிக்கொண்டு, கோலால் சுற்றுகிற பழைய சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் பானை வனைந்து காட்ட வேண்டுமாம். மற்ற ஆறு பேரும் உள்ளே ஏசியில் நின்று தங்கள் வேலையைப் பற்றிப் பேசுவார்கள். “உங்களுக்குச் சம்மதம்தானே மங்கை? வண்டி வெளியே நிக்குது, சாடியெல்லாம் இப்பவே ஏத்திடலாம்” என்றார். அக்கா அப்போதுதான் ஒரு புதுச் சாடியின் மேல்பாதியைக் கவிழ்த்து அடிப்பாதியோடு ஒட்ட ஆரம்பித்திருந்தாள். திரும்பிப் பார்க்காமல், “இதை முடிச்சுட்டுச் சொல்றேன் சார்” என்றாள். அதிலிருந்து அவர் காத்திருக்கிறார். நானும்.

முடித்துவிட்டு என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும், அந்த விஷயத்தில் அவர் விவரமானவர். இடுப்பளவு உயரச் சாடியை ஒரே மூச்சில் தூக்க முடியாது, மண் தன் கனத்தாலேயே உட்கார்ந்துவிடும். அதனால் அடிப்பாதியை வனைந்து, கேஸ் டார்ச்சின் நெருப்பைக் காட்டிக் கொஞ்சம் இறுகவைத்து, மேல்பாதியைத் தனியாக வனைந்து, விளிம்போடு விளிம்பு வைத்து ஒட்டி, பிறகு இரண்டும் ஒன்றுதான் என்று மண்ணே நம்புகிறவரைக்கும் உள்ளேயும் வெளியேயும் தடவித் தடவி மேலே இழுக்க வேண்டும். நடுவில் எழுந்து போனால் விளிம்பு காய்ந்துபோகும், ஒட்டு ஒட்டினமாதிரியே இருந்துவிட்டு நெருப்புக்குள் போய் வாயைப் பிளக்கும். அக்காவின் இடது கை தோள்வரைக்கும் சாடிக்குள் இருக்கிறது, வலது கை வெளியே அதே உயரத்தில், நடுவில் மண். மண் மேலே ஏறும்போது அவள் மூச்சு விடமாட்டாள், ஏறி முடித்ததும் விடுவாள், அந்த மூச்சின் சத்தத்தை வைத்தே நான் பக்கத்து அறையிலிருந்துகூடச் சாடி எவ்வளவு வந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். ஆனால் மூச்சை அடக்கிவைத்திருக்கிற அந்த நேரத்தில் அவள் என்ன நினைக்கிறாள் என்பது மட்டும் தெரியாது, இன்றைக்கு எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். சரி என்று சொல்லிவிடுவாளோ. சொல்லக்கூடியவள்தான். கொட்டகையின் சொந்தக்காரர் கில்ன் புகை முந்திரிப் பூவைக் கருக்குகிறது என்றபோது சரி என்று புகைப்போக்கியை உயர்த்திக் கட்டினாள், மூன்றாம் மாதம் பூச்சி வந்ததற்கும் புகைதான் காரணம் என்றபோது அதற்கும் சரி என்றாள். கல்யாணம் மட்டும்தான் இதுவரை அவள் சரி சொல்லாத ஒன்று, அதற்கும் முடியாது என்று சொன்னதில்லை, பேச்சு வந்தால் எழுந்துபோய் மண் பிசைவாள். காலையிலிருந்து நான் சாடிகளுக்கு வைக்கோல் சுற்றிக்கொண்டிருந்தேன், அழைப்பிதழைப் பார்த்தபோது கையில் இருந்த வைக்கோல் பிரி இன்னும் கையிலேயே இருக்கிறது. சுற்றினால் சம்மதம் என்று ஆகும், பிரித்தால் அக்காவுக்கு முன்னால் நான் பதில் சொன்னதாக ஆகும். இந்தப் பிரியை என்னதான் செய்வது.

நானாக இருந்தால் இவரை வாதத்தில் எப்படி மடக்குவேன் என்று யோசிக்கிறேன். நானாக இல்லை, அதனால் இன்னும் நன்றாகவே மடக்க முடிகிறது. முதலில் மரபு என்கிறீர்களே சார், எந்த மரபு, யாருடைய மரபு, நான் வரலாறு படிக்கிறவள், பொத்தாம்பொதுவாகப் பேசினால் விடமாட்டேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் மண் மிதிப்பார்கள், கல் பொறுக்குவார்கள், செம்மண் பூச்சுப் பூசுவார்கள், சூளை அடுக்கக் கையில் எடுத்துக் கொடுப்பார்கள், கூடையில் சுமந்துபோய்ச் சந்தையில் விற்பார்கள். சக்கரத்தை மட்டும் தொடமாட்டார்கள். தொடக்கூடாது. நான் பிறப்பதற்கு முன்னால், அக்காவுக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும்போது, அப்பா சாப்பிட உள்ளே போன நேரம் பார்த்து அவள் சக்கரத்தில் கோலைச் சொருகிச் சுற்றிவிட்டிருக்கிறாள். ஒரு பிடி மண்ணை நடுவில் வைத்து விரலை அழுத்தியிருக்கிறாள், ஒரு குழி விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். அப்பா வந்து பார்த்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை. அம்மாவிடம் மஞ்சள் கரைத்துவரச் சொல்லி, அந்தத் தண்ணீரைச் சக்கரத்தின்மேல் ஊற்றிக் கழுவி, கற்பூரம் காட்டி, அன்று முழுக்க அதில் வேலை செய்யாமல் வைத்திருந்தார். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பாள், உங்கக்கா அன்னிக்கு மூஞ்சைத் தூக்கி வச்சிக்கிட்டா பாரு என்று. அக்கா சிரிக்கமாட்டாள், வருத்தப்படவும் மாட்டாள், எழுந்து போய்விடுவாள். ஆக, சார், எந்தச் சக்கரத்தின்முன் அவளை நீங்கள் மரபு என்று உட்காரவைக்கப் பார்க்கிறீர்களோ அந்தச் சக்கரம் அவளைத் தீட்டு என்று கழுவித் தள்ளிய சக்கரம். அவள் சக்கரம் கற்றது சென்னையில் கவின்கலைக் கல்லூரியில், அது கரண்டில் ஓடுகிறது, காலால் பெடலை அழுத்தினால் வேகம் கூடும். அதற்குப் பிறகு புதுச்சேரியில் ஒரு ஸ்டூடியோவில் வருஷக்கணக்காக அடுத்தவர்களுடைய மண்ணைப் பிசைந்தாள். கோல் சக்கரத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தால் அக்காவுக்கு அதைச் சுற்றவே தெரியாது. இது போதும், இந்த ஒரு பாயிண்டில் ஆள் காலி. இதைத்தான் அக்கா சொல்ல வேண்டும். சொல்லு அக்கா. மஞ்சள் தண்ணீரைச் சொல்லு.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒவ்வொரு முறையும் இடறுகிறது, ஏனென்றால் அப்பா. அழைப்பிதழைப் போட்டோ எடுத்து, பாருங்கப்பா இந்த அக்கிரமத்தை என்று நான்தான் அவருக்கு அனுப்பினேன், அனுப்பிய கொஞ்ச நேரத்தில் போன் வந்தது, கொல்லைப்பக்கம் போய் எடுத்தேன். அப்பாவின் குரல் தழுதழுத்தது. “நம்ம பேரைப் போட்டிருக்காங்க பாப்பா” என்றார். நான் சொன்னேன், அப்பா அது நம்ம பேரு இல்லை, அக்கா பேரை எடுத்துட்டு அதைப் போட்டிருக்காங்க. அவர் கேட்கவே இல்லை. எங்க தாத்தா காலத்துல கோயிலுக்குக் கலயம் குடுத்தப்பகூட வாசல்லயே வாங்கிக்கிட்டாங்க, இப்ப மெட்ராஸ்ல வழவழ காகிதத்துல குயவர்னு அச்சடிச்சிருக்கான், இன்னும் என்ன வேணும் என்றார். அக்காவிடம் போனைக் கொடு என்றார், அவள் வேலையாக இருக்கிறாள் என்று வைத்துவிட்டேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, ஆனால் அந்தக் கோபம் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவளைச் சக்கரத்தைவிட்டு விலக்கியவரும் இவர்தான். அவளைக் குலத்தின் பெயராக்கியதும் மகிழ்ந்துபோகிறவரும் இவர்தான். இதில் ஒரு நியாயம் கேட்டால் என்ன சொல்வார் அவர். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார், அதைப் பார்த்தால் நான் மேற்கொண்டு பேசமாட்டேன். அவருக்கு வெளியே எங்கேயும் அந்தச் சொல் மரியாதையாகக் காதில் விழுந்ததில்லை, சட்டி பானைக்காரன் என்றுதான் விழுந்திருக்கிறது. வழவழ காகிதத்தில் பார்த்தால் கண் கலங்கத்தான் செய்யும். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்டால் என் வாதம் பலவீனமாகிறதா, இல்லை, அப்பாவின் சந்தோஷத்துக்கு அக்கா விலை கிடையாது, அவ்வளவுதான். ஆனால் அக்கா இதையெல்லாம் கேட்டிருப்பாளோ. கொல்லைக்கும் கொட்டகைக்கும் நடுவில் இருப்பது தென்னங்கீற்றுத் தட்டி. கேட்டிருந்தால் அவள் சரி என்று சொல்வதற்கு அது ஒன்றே போதும்.

ரகுநந்தன் சார் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு வசதி. மனிதர் எழுந்து, வரிசையாக நிற்கிற சாடிகளிடம் போகிறார், சின்னதாக ஒன்றை எடுக்கிறார், எடுத்ததும் என்ன செய்கிறார் தெரியுமா, தலைகீழாகத் திருப்பி அடியைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறார். மட்பாண்டம் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது அடியைத்தான். மேலே கிளேஸ் ஆயிரம் பொய் சொல்லும், கண்ணாடிப் பூச்சு இல்லாத அடி மட்டும் செய்த கையைக் காட்டிக்கொடுத்துவிடும். அங்கேதான் அக்கா கீறிவைக்கிற சின்ன எழுத்தும் இருக்கிறது, மங்கை என்று. அந்த எழுத்தின் மேலேயே அவருடைய விரல் போய்வருகிறது, தடவுகிறார், ரசிக்கிறார், கண்ணை மூடிக்கொள்கிறார். படிக்கமாட்டாரா இந்த மனுஷன். இந்த நிறத்துக்காக அக்கா இரண்டு வருஷம் செத்தாள். வேறு எங்கேயும் வாங்காமல் இந்தத் தோப்பில் வெட்டிப்போடுகிற முந்திரி விறகை எரித்து, சாம்பலைச் சலித்து, ஊறவைத்து, வடித்து, மறுபடி ஊறவைத்து. அந்தத் தண்ணீர் கையைத் தின்றுவிடும், சோற்றைப் பிசையும்போது உப்பு பட்டால் எரியும் என்று ஒரு காலத்தில் அவள் ஸ்பூனில்தான் சாப்பிட்டாள். முதல் தடவை கிளேஸ் வழிந்து கில்ன் பலகையோடு சாடிகளை ஒட்டிவிட்டது, உளியை வைத்து உடைத்து எடுத்தோம். அடுத்த தடவை எல்லாம் சேற்று நிறம். அப்புறம் ஒருநாள் கதவுச் செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்தபோது உள்ளே இந்தப் பச்சை இருந்தது, பாசி படிந்த கிணற்றுச் சுவரில் வெயில் பட்டமாதிரி, தோளிலிருந்து கோடு கோடாக இறங்கி அடிக்கு ஒரு விரல் மேலே சொன்னபடி நின்றிருந்தது. அக்கா கையை மட்டும் சாடிமேல் வைத்துக்கொண்டு நின்றாள், கை சுட்டிருக்கும், எடுக்கவில்லை. அந்தச் சாடியைத் தேடிக்கொண்டு இந்தத் தோப்புவரைக்கும் முதன்முதலில் வந்தவர் இதே ரகுநந்தன் சார். அன்றும் இப்படித்தான் அடியைத் தடவினார், இதை எங்கேம்மா இத்தனை நாள் ஒளிச்சு வச்சிருந்தீங்க என்றார். அக்கா அன்று இரவு இரண்டு முறை சாப்பிட்டாள். இந்தக் கண்காட்சிக்குப் போகவில்லை என்றால் இந்தப் பச்சையை யார் பார்ப்பார்கள். நானும், வண்டி ஓட்டிவந்த அல்போன்சும், தோப்புக்காரரின் மாடும். இல்லை, அப்படி நினைக்கக்கூடாது. அப்படி நினைத்துத்தான் எல்லாரும் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லித் தொலைக்கிறார்கள்.

பொறுக்க முடியாமல் நான் வாயைத் திறந்துவிட்டேன். மற்ற ஆறு பேருக்கும் ஏன் சார் பெயர் போட்டிருக்கிறீர்கள் என்றேன். அவர் அன்பாகத்தான் பதில் சொன்னார், அதுதான் எரிச்சல். தனி ஒருத்தருடைய பெயரைவிட ஒரு மரபின் பெயர் பெரியது இல்லையாம்மா, அவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொள்ள அப்படி ஒன்று இல்லையே, உங்களுக்கு இருக்கிறதே, அதை மறைக்கலாமா என்றார். ஆகா, இல்லாதவர்களுக்குப் பெயராம், இருக்கிறவளுக்குப் பெயர் கிடையாதாம். அப்போது மரபு என்பது சொத்தா, தண்டனையா என்று கேட்டேன். அவர் சிரித்து, நீ நல்லாப் பேசறே, என்ன படிக்கிறே என்றார். வரலாறு என்றேன். அப்போ உனக்கே தெரியுமே, மண்பாண்டம் எத்தனை ஆயிரம் வருஷம் என்றார். நான் மஞ்சள் தண்ணீர்க் கதையை எடுக்கப் போனேன், நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது, அப்போது அக்கா சாடிக்குள் கையை விட்டபடியே, “தில்லை, வைக்கோல் சிந்துது பாரு” என்றாள். அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டேன். தில்லைநாயகி என்ற என் பெயரை அக்கா பாதியாகச் சுருக்கினால் பேசாதே என்று அர்த்தம், சின்ன வயதிலிருந்தே. குனிந்து வைக்கோலைப் பொறுக்கும்போது காது சூடாக இருந்தது. என் பல்கலைக்கழகத்தில் என்னை இப்படி யாராலும் அடக்க முடியாது. போன தைக்கு எங்கள் துறையில் பொங்கல் வைக்கலாம் என்று முடிவானபோது, தில்லை நீ பானை கொண்டுவந்துடு, உங்க வீட்லதான் செய்வாங்களே என்று ஒருத்தி சொன்னாள், நல்ல பெண்தான், விடுதியில் எனக்கு ஷாம்பூ தருகிறவள். உங்க அப்பா மாவட்டக் கோர்ட்டில் குமாஸ்தா, நீ ஒரு தீர்ப்பு கொண்டுவா என்றேன். பிறகு அது உழைப்பு, சாதி, பரிசு, கடமை என்று எங்கெங்கோ போய், மதியம்வரைக்கும் நான் பேசி, கடைசியில் பொங்கல் குக்கரில் வெந்தது. ருசியாக இருந்தது, இரண்டு தட்டு சாப்பிட்டேன். ஜெயித்தேனா என்று இன்றுவரை தெரியவில்லை. அதுதான் என் வாதங்களின் லட்சணம், குக்கரில் போய் முடியும். அதனால்தான் இன்று அக்கா சொல்ல வேண்டும், நான் சொல்லி இவருக்கு உறைக்காது. நான் சொன்னால் நன்றாகப் பேசுகிறேன் என்பார். அக்கா நன்றாகப் பேசமாட்டாள்.

ஒட்டு மறைந்துவிட்டது. சக்கரம் சுற்றும்போது எங்கே அடிப்பாதி முடிந்து எங்கே மேல்பாதி தொடங்குகிறது என்று தேடினேன், தெரியவில்லை. அக்கா எழுந்து நின்று, உடம்பை முன்னால் சாய்த்து, சாடியின் தோளை உள்வாங்குகிறாள். கழுத்து குறுகிக்கொண்டே வருகிறது, அவள் கை உள்ளேயிருந்து மெல்ல வெளியேறுகிறது, முழங்கை, மணிக்கட்டு, இப்போது நான்கு விரல் மட்டும் உள்ளே. இந்த இடம்தான் கண்டம். கழுத்தில் கொஞ்சம் அதிகம் அழுத்தினாலும் முறுக்கிக்கொண்டு சரிந்துவிடும், நான் பார்த்திருக்கிறேன், வேட்டி அவிழ்ந்தமாதிரி விழும். அல்போன்ஸ் வாசலில் வந்து நின்றுகொண்டு, ஏத்தறதா இல்லையான்னு சொல்லிட்டா நான் வண்டிய நெழல்ல போட்டுக்குவேன், இந்தச் சாடி ஊறுகாய்க்கு ஆகுமா, எங்க வீட்டம்மா கேப்பா என்றெல்லாம் தாழ்ந்த குரலில் என்னிடம் விசாரிக்கிறார், ரகுநந்தன் சார் உஸ் என்கிறார், அந்த உஸ்ஸோடு மின்விசிறியும் தொய்ந்தது. கரண்ட் போய்விட்டது. சக்கரம் முனகிக்கொண்டே வேகம் குறைந்தது, அக்காவின் விரல் கழுத்துக்குள் அப்படியே நின்றது, விளிம்பு இன்னும் கட்டவில்லை, ஈரத்தோடு ஒரு பக்கம் மெல்லத் தலையைச் சாய்க்கிறது. இப்படியே விட்டால் கரண்ட் வரும்போது சாடி இருக்காது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் வைக்கோலைப் போட்டுவிட்டு ஓடி, மண்டியிட்டு, சக்கரத்தட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ள ஆரம்பித்தேன். தள்ளு, விடு, தள்ளு, விடு. கனமாக இருந்தது, மண்குழம்பு வழுக்கியது. சீரா என்றாள், சீராகத் தள்ளினேன். மெதுவா என்றாள், மெதுவாகத் தள்ளினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சொன்னபடி கேட்டதில்லை. சாடியின் தலை நிமிர்ந்தது, அவள் விளிம்பின்மேல் ஈரத் தோல் துண்டை வைத்தாள், விளிம்பு வழுவழுவென்று உருண்டது, இந்த உலகத்தில் வேறு எதுவும் இல்லாத மாதிரி இருந்தது. அப்போது பின்னாலிருந்து ரகுநந்தன் சாரின் குரல், பரவசத்தில் நடுங்கிக்கொண்டு. “இதுதான், இதேதான் வேணும். அப்படியே சுத்துங்க, நிறுத்தாதீங்க. முகம் வேண்டாம், நான் கையை மட்டும் எடுத்துக்கறேன்.”

திரும்பிப் பார்த்தேன், போனைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறார், அவர் திரையில் நான்கு மண் கைகள், கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. சக்கரத்தை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் கை தளர்ந்தது, விட்டால் போவது அவருடைய போட்டோ இல்லை, அக்காவின் சாடி. பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கக் கை இல்லை. இது இப்போது சென்னைக்குப் போகும், ஆள் உயரத்துக்குச் சுவரில் தொங்கும், கையால் சுற்றுகிறார்கள் பாருங்கள், எத்தனை ஆயிரம் வருஷம் என்று யாராவது ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கரண்ட் போனதால் சுற்றினோம் ஐயா என்று நான் அங்கே பக்கத்தில் நின்று ஒவ்வொருவரிடமாகச் சொல்லிக்கொண்டிருக்கவா முடியும். போதும் தில்லை என்றாள் அக்கா. நிறுத்தினேன். அவள் கம்பியை இரண்டு கையிலும் இழுத்துப் பிடித்துச் சாடியின் அடியில் ஓடவிட்டாள், பிடித்திருந்த இடமெல்லாம் விட்டது. வாளித் தண்ணீரில் ஒவ்வொரு விரலாகக் கழுவினாள், நகத்துக்குள் இருந்த மண்ணை இன்னொரு நகத்தால் எடுத்தாள், ஏப்ரனில் துடைத்தாள், நாற்காலிமேல் கிடந்த அழைப்பிதழை எடுத்தாள், நின்றபடியே முதலிலிருந்து கடைசிவரைக்கும் படித்தாள். சரி என்று சொல்லாதே. அப்பாவை நினைக்காதே. இல்லை, நினை, ஆனால் சொல்லாதே. கோல் சக்கரம் சுத்தத் தெரியாது என்று ஆரம்பி, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். மஞ்சள் தண்ணீரைச் சொல்லு அக்கா, அதைவிடப் பெரிய அத்தாட்சி நம்மிடம் இல்லை.

அவள் அதைச் சொல்லவில்லை. அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை, சக்கரத்தைப் பற்றியும் எடுக்கவில்லை. அழைப்பிதழை ரகுநந்தன் சாரிடம் நீட்டி, ஏதோ சாமான் வாங்கிவரச் சொல்கிற குரலில், “இந்த ஆறு பேருக்கும் பேருக்குப் பக்கத்துல அவங்க என்ன சாதின்னு போட்டுடுங்க சார். போட்டீங்கன்னா என்னுதும் இருக்கட்டும். முற்றத்துல ஏழு பேருமே உக்காருவோம்” என்றாள்.

அவர் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தார், சிரிக்கலாமா என்று பார்த்தார், அவள் முகத்தில் அதற்கு இடம் இல்லை. நிஜமாகவே அதிர்ந்துபோயிருந்தார். அந்த மனிதரைப் பற்றி இதை மட்டும் நான் நியாயமாகச் சொல்ல வேண்டும், அவர் நடிக்கவில்லை.

“அதை எப்படிம்மா அவங்ககிட்ட போய்க் கேக்கறது? அசிங்கமா இருக்காதா?”

“என்கிட்ட நீங்க கேக்கக்கூட இல்லையே சார்” என்றாள் அக்கா. “என் பேரு மங்கையர்க்கரசி. அதைப் போட்டு வேற அடிச்சு எடுத்துட்டு வாங்க. சாடிங்க இங்கதான் இருக்கும்.”